பதினெட்டு நிமிடக்காரன்

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆலையில் எல்லோருக்கும் அவன் 'கிளம்பிட்டேன்'தான். எப்போது போன் செய்தாலும் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வான். பின்னால் வாளியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும். இடுப்பில் துண்டோடு நின்றுகொண்டு வாய் கூசாமல் சொல்லும் பொய் அது.

துணி வெளுக்கும் ஆலையில் எனக்கும் அவனுக்கும் பாய்லர் அறையில் வேலை. காலை ஆறிலிருந்து இரண்டு வரை நான். இரண்டிலிருந்து பத்து வரை அவன். பாய்லரை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. அடுத்த ஆள் வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முந்தைய ஆள் வாசலைத் தாண்டலாம். இந்தப் பெரிய மனிதர் இரண்டே முக்காலுக்குத்தான் எழுந்தருளுவார். பதினோரு வருடமாக இதே கதை. சுவர்க் கடிகாரத்தை இருபது நிமிடம் முன்னால் தள்ளி வைத்துப் பார்த்தோம். ஒரே வாரத்தில் அந்த இருபதையும் மனதுக்குள் கழித்துவிட்டு, வழக்கம்போல ஆடி அசைந்து வந்தான். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் நான் ரிஜிஸ்டர் எழுதுவேன், கரி போகக் குளிப்பேன், சட்டை மாற்றுவேன். வேறு என்ன செய்வது?

என் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணி பஸ். முதல் முறையாக வீட்டைவிட்டுப் போகிறாள். வழியனுப்ப நான் பஸ் நிலையத்தில் இருக்க வேண்டும். பத்து நாள் முன்பே அவனைப் பிடித்தேன்.

"உன் வீட்லேர்ந்து இங்க வர எவ்வளவு நேரம்டா ஆகும்?"

"பதினெட்டு நிமிஷம்ணே." யோசிக்காமல் சொன்னான்.

"என்னைக்கு வந்த அப்படி?"

ஒரு கடையடைப்பு நாளில் வந்தானாம். ரோட்டில் ஈ காக்கா இல்லையாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில். அந்த ஒரு நாளை மடியில் கட்டிக்கொண்டு பதினோரு வருடமாக ஒன்று நாற்பத்திரண்டுக்குக் கிளம்புகிறான் மடையன். அதுவும் அவன் கணக்கில் கிளம்புவது என்றால் செருப்பைத் தேட ஆரம்பிப்பது. செருப்பு கிடைப்பது, சைக்கிளைப் பூட்டுவது, உடை மாற்றுவது எதற்கும் அவன் கணக்கில் நேரமே கிடையாது.

ஒரு நோட்டை அவன் கையில் திணித்தேன். "ஒரு வாரம் எழுது. எப்ப செருப்பத் தேட ஆரம்பிச்ச, எப்ப இந்த அறைக்குள்ள வந்த. ரெண்டே ரெண்டு மணி. எழுதத் தெரியும்ல?"

எழுதினான். ஐம்பத்தெட்டு, அறுபத்து மூன்று, அறுபது. தன் கையெழுத்தையே திருடன் எழுதியதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நாள்கூட பதினெட்டு இல்லையேண்ணே."

"இப்பத்தான் தெரியுதாக்கும்" என்றேன். வெள்ளிக்கிழமை சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொன்னான். நான் நம்பவில்லை. "அந்த ஆள் விடமாட்டான்மா, எதிர்பார்க்காத" என்று மகளிடம் முந்தின நாளே சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒன்று ஐம்பதுக்குக் கதவு திறந்தது. உடை மாற்றி, தலை வாரி நின்றான்.

"கையெழுத்துப் போட்டுர்றேண்ணே. நீங்க ஓடுங்க."

ரிஜிஸ்டரைத் திறந்தான். காலை ஆறு மணிக்கு நான் போட்ட கையெழுத்துக்குக் கீழே பக்கம் வெறுமையாக இருந்தது. மணிக்கொரு முறை பார்த்து எழுத வேண்டிய பிரஷரும் தண்ணீர் மட்டமும் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் இரண்டு மணிக்கு மேல் உட்கார்ந்து ஒரே மூச்சில் இட்டுக்கட்டி எழுதித்தானே எனக்குப் பழக்கம்.

"காலிப் பக்கத்துல எப்படிண்ணே நான் போட?" என்றான், தயங்கித் தயங்கி.

எழுதினேன். அவசரத்தில் இரண்டு வரி மாறிப்போய், அடித்து எழுதினேன். பாய்லரின் அடியில் தேங்கிய கசடை வேறு என் ஷிப்ட் முடிவதற்குள் வெளியேற்றியிருக்க வேண்டும். அதையும் அப்போதுதான் செய்தேன். குளியலறையில் சோப்பு நுரையோடு நிற்கும்போது மகளின் போன்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"கிளம்பிட்டேன்மா."

வெளியே பாய்லர் பக்கத்துப் பெஞ்சில் அவன் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்திருக்கும். ஈரத் தலையோடு நான் வந்ததும் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி வைத்தான்.

பஸ் நிலையம் போய்ச் சேர்ந்தபோது மூன்று பத்து. பஸ் போயிருந்தது. மூச்சிரைக்க மகளுக்குப் போன் செய்தேன்.

"பரவால்லப்பா, அழவெல்லாம் இல்ல" என்றாள், அழுதுகொண்டே. "அந்த மாமா இன்னைக்கும் லேட்டா?"

"ஆமாம்மா" என்றேன்.