நூறு ஆண்டு விரிசல்

என் அக்கா அருங்காட்சியகத்தில் கல்வெட்டுகளுக்கு மைப்படி எடுப்பவள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித்தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அதுதான் அவள் உயிர். பெண் பார்க்க வந்தவர்கள் அவள் நகத்தைப் பார்த்துவிட்டு மெக்கானிக்கா என்று கேட்டார்கள்.

புத்தரின் எலும்புத் துணுக்கு வைத்த கற்பேழை ஒன்று வந்தது. மூடியில் நாலு வரி: எந்த அரசன், எந்த ஆண்டு, வைத்தது யார். அந்தக் கால எழுத்தில் நூற்றுக்கான குறியோடு ஒரு கோடு சேர்ந்தால் இருநூறு. படியின் ஓரத்திலேயே அக்கா பென்சிலால் எழுதினாள்: ‘நூற்றை ஒட்டி இருப்பது விரிசல். உளிக் கோட்டின் பள்ளத்துக்கு அடித்தளம் உண்டு, இதற்கு இல்லை.’

இயக்குநர் அந்த ஓரத்தை வெட்டிவிட்டு அச்சுக்கு அனுப்பினார். பார்க்க அசிங்கமாக இருந்ததாம்! விரிசலையும் சேர்த்து இருநூறு என்று படித்து, கட்டுரை எழுதி, பாராட்டும் வாங்கிக்கொண்டார். கருத்தரங்கில் வெளியூர் அறிஞர் ஒருவர் கேட்டார்: “இதே ஆண்டுக் கணக்குல இந்த அரசனோட பேரன் காலத்துப் பேழையில நூத்தம்பதுன்னு இருக்கே, தாத்தா எப்படிங்க இருநூறுல ஆட்சி பண்ணாரு?” சபையே சிரித்தது.

மறுநாளே பழி அக்கா தலையில் விழுந்தது. மைப்படி எடுத்தவரின் கவனக்குறைவாம். தவறு தன்னுடையது என்று அக்கா ஒப்புக்கொள்ளும் கடிதத்தைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார் அந்த மனுஷன்.

“கையெழுத்துப் போட்டா இந்த வேலையிலயே இருக்கலாம்மா. இல்லன்னா டிக்கெட் கவுன்ட்டர்தான்.”

அக்கா கடிதத்தோடு வீட்டுக்கு வந்தாள். எனக்குப் பயம். “போட்டுத் தொலைச்சிடுக்கா,” என்றேன். அதற்காக இன்றும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவள் கடிதத்தின் அடியில் எழுதினாள்: ‘படி சரி. படித்ததுதான் தவறு.’

கவுன்ட்டருக்கு அனுப்பினார்கள். பேழைக்குப் பக்கத்தில் புது அட்டை வைத்தார்கள்: ஆண்டு நூறு, திருத்திக் கணித்தவர் இயக்குநர். வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே!

போன மாதம் இன்னொரு பேழை வந்தது. புதிதாகச் சேர்ந்தவர் மூன்று முறை தாளைக் கிழித்துவிட்டார். இயக்குநரே கவுன்ட்டர் ஜன்னலுக்கு வந்து குனிந்தார்.

“நாளையிலேர்ந்து மேல வந்துடும்மா. நடந்தது நடந்துபோச்சு.”

“என்ன நடந்துச்சுன்னு எழுதிக் குடுங்க சார், வரேன்,” என்றாள் அக்கா.

அவர் இன்னும் எழுதவில்லை. அக்கா டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறாள்.