காமாலை என்று சொன்ன அம்மா

ஊருக்குத் தெரிந்தவரை எனக்கு வந்தது மஞ்சள் காமாலை. கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தபோது என்னை நானே காயப்படுத்திக்கொண்டேன். ஒருமுறை அல்ல, பலமுறை. கடைசி முறை அறைத்தோழி பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மனநல வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். கரியாலூர்ப் பக்கத்திலிருக்கும் எங்கள் மலையூரிலிருந்து பஸ் பிடித்து இறங்கிய அம்மா, போனில் விசாரித்தவர்களுக்கெல்லாம் வழியிலேயே காமாலை என்று சொல்லி முடித்திருந்தாள். ஏன் அப்படிச் செய்தேன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல எனக்கு இன்றும் தெரியாது. அம்மாவுக்கு ஒரே வார்த்தை போதுமாக இருந்தது.

வார்டில் ஹேர்பின்னையும் துப்பட்டாவையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாத்திரை விழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு எல்லார்மேலும் எரிச்சல். காலையிலேயே சிரித்துக்கொண்டு வரும் சிஸ்டர்மேல் இன்னும் ஜாஸ்தி. அவர்தான் சொன்னார், "செஞ்சப்புறம் சொல்லாத. தோணும்போதே யார்கிட்டயாவது சொல்லு."

ஒரு மதியம் பக்கத்துக் கட்டிலில் அவர் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "சிஸ்டர், இப்ப தோணுதுங்க." அவர் பதறவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுப்பைக் குறைத்ததும் பால் இறங்குவதுபோல அந்த வேகம் இறங்கியது. வாய்விட்டுச் சொன்னால் இறங்கும் என்று இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லவில்லையே என்று கோபம்தான் வந்தது. அதன்பிறகு அங்கே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மாவிடம், மாத்திரையை நிறுத்த வேண்டாம், தனியாக விட வேண்டாம், அவள் சொன்னால் காதுகொடுத்துக் கேளுங்கள் என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மலை ஏறியதும்தான் சிக்கல். அங்கே நான் காமாலைக்காரி. உப்பில்லாத சாமைக் கஞ்சி, வெறும் வயிற்றில் மோரில் கலக்கிய கீழாநெல்லி. சொன்ன பொய்க்கு அம்மா ஒழுங்காகப் பத்தியம் வைத்தாள். பார்க்க வந்தவர்கள் என் கண் இமையை இழுத்துப் பார்த்து, மஞ்சள் இறங்குகிறது என்று தைரியம் சொன்னார்கள். காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எங்கள் ஊரில் பார்க்க வந்தவர்களுக்குத்தான் அந்த வியாதி.

ஆனால் மறுபடி தோன்றியபோது சொல்ல ஆளில்லை. அம்மாவிடம் வாயெடுத்தால், "மெதுவா பேசு, வெளிய கேக்கும்" என்பாள். எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் காலை அம்மா மரவள்ளிக் கொல்லைக்குப் போயிருந்தாள். அப்பாவின் தங்கை, என் அத்தை, எனக்குத் துணையாக இருந்து கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருந்தாள். அப்போது வந்தது. வார்டில் வந்ததைவிடப் பலமாக. சொல்லாவிட்டால் செய்துவிடுவேன் என்று தெரிந்தது.

"அத்த, எனக்குக் காமாலை இல்ல. என்ன நானே நோவடிச்சிக்கினேன். அதுக்குத்தான் ஆஸ்பத்திரில இருந்தேன். இப்பவும் அப்படித் தோணுது."

அத்தை அம்மியிலிருந்து கையை எடுத்தாள். "இப்பவா?"

"இப்பதான்."

"நானு இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் வேணாம். போறவரைக்கும் கூட குந்து, போதும்."

பச்சை அப்பிய கையோடு வந்து என்னை ஒட்டிக் குந்தினாள். என்ன பேசுவதென்று தெரியாமல், அடையில் உட்கார மறுக்கும் தன் கோழியைத் திட்ட ஆரம்பித்தாள். வெகுநேரம் திட்டினாள். எனக்குள் அந்த வேகம் மெல்ல இறங்கியது.

மதியம் அம்மா திரும்பியதும் அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். சண்டை வரும் என்று நினைத்தேன். அம்மா தலைச்சுமையை இறக்காமலே நின்றாள்.

"ஊருக்குத் தெரிஞ்சா இவள யாரு கட்டுவாங்கன்னு பாத்தேன்" என்றாள்.

"இருந்தாத்தான அண்ணி கட்டறதுக்கு?"

அம்மா சுமையை இறக்கிவிட்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இப்ப தோணுதா?" என்று கேட்டாள். தெருவில் ஆள் போய்க்கொண்டிருந்தது. குரலைத் தணிக்கவில்லை.