சிலை அக்காவும் எட்டுக் குச்சியும்

என் அக்கா பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். தலையைச் சுற்றி ஓடும் இயந்திரத்துக்குள் பிள்ளைகளை நிறுத்தி, "கடிச்சுக்கோ, வாய மூடு, அசையாத, சிலை மாதிரி நில்லு" என்று நாளுக்கு நாற்பது தடவை சொல்வாள். அங்கே அவளுக்குச் சிலை அக்கா என்றே பெயர். வீட்டிலும் அதே பல்லவிதான். அத்தான் ஏற்கெனவே பாதிச் சிலை.

ஆனால் அவளுடைய ஏழு வயது மகள், காலையில் கண்ணைத் திறக்குமுன் வாயைத் திறப்பவள். நாங்கள் அவளை ரேடியோ என்போம்.

ஒரு நாள் ரேடியோ மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி, முகவாய் இடிபடக் கீழே விழுந்தாள். நாலு தையல். எல்லோரும் ரத்தம் வந்த இடத்தை மட்டும்தான் பார்த்தோம். அக்கா தலையோடு முகவாயைச் சேர்த்துத் துணியால் கட்டினாள். "தையல் பிரியக் கூடாது. பேசாத, மெல்லாத, அசையாத!" சாப்பாடெல்லாம் ஸ்ட்ரா வழியாக.

நான் சும்மா இருந்தேனா? "ஒரு வாரம் வாயத் தொறக்காம இரு, மாமா அறுபது கலர் பென்சில் வாங்கித் தர்றேன்" என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வாரம் வீடு சொர்க்கமாக இருந்தது. அத்தான் செய்தித்தாளை விளம்பரம் உட்பட முழுசாகப் படித்து முடித்தார்.

எட்டாம் நாள் கட்டை அவிழ்த்து, "ஆ காட்டு" என்றாள் அக்கா. வாய் பாதிதான் திறந்தது. அதுவும் இடப்பக்கம் கோணிக்கொண்டு. அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்றே தன் கையால் படம் எடுத்தாள். இடது காதுக்கு முன்னால், தாடை எலும்பின் நுனியில் இருக்கும் சின்ன உருண்டை முறிந்து சாய்ந்திருந்தது.

படத்தைப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு முகதாட்சண்யமே கிடையாது. "குழந்தைக்குத் தாடை வளர்றதுல இந்த உருண்டைக்குப் பெரிய பங்கு இருக்கு. பொறக்கும்போது அது உக்கார்ற குழிகூடத் தட்டையாத்தான் இருக்கும். பல்லு மொளைச்சு, மென்னு மென்னுதான் ஆழமாகும். இந்த வயசுல முறிஞ்சாலும் அசைஞ்சுக்கிட்டே இருந்தா எலும்பு தன்னையே திருத்திக்கும். கட்டிப் போட்டா மூட்டு ஒட்டிக்கும், அந்தப் பக்கம் வளராது, முகமே கோணிப் போகும். எந்தப் புத்திசாலி இதைக் கட்டினது?"

சிலை அக்கா சிலையாக நின்றாள்.

வைத்தியம் ஐஸ்கிரீம் குச்சிகள்தான். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க, ஒவ்வொன்றாக அடுக்கி, மேல்பல் வரிசைக்கும் கீழ்பல் வரிசைக்கும் நடுவில் வைக்க வேண்டும். முதல் நாள் எட்டுக்கு மேல் போகவில்லை. அவள் அழுதாள், குச்சியைப் பிடித்தபடி அக்காவும் அழுதாள். "பேசு கண்ணு, என்னத்தையாவது பேசு" என்று கெஞ்சினோம். வலிக்குப் பயந்து தலையை மட்டும் ஆட்டியது ரேடியோ. பென்சில் ஆசை காட்டி வாயை அடைத்தவன் நான்.

பத்தாம் குச்சிக்கு ஏதோ முணுமுணுத்தாள். பதினாலாம் குச்சியில் அத்தானைத் திட்டினாள். அத்தான் எழுந்து நின்று கை தட்டினார். ஆறு மாதத்தில் இருபது குச்சி, அதாவது முழு வாய்.

மறுபடி படம். அக்கா பழக்கதோஷத்தில், "அசை..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். முறிந்த இடத்தில் புதிதாக ஓர் உருண்டை, வலப்பக்கத்துக்குச் சமமாக நிமிர்ந்து நின்றது. "வளர்ந்து முடியிற வரைக்கும் வருஷா வருஷம் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா. அக்கா, மகளின் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்தி, இடதையும் வலதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கைகளுக்குள்ளிருந்து வாய் தாராளமாகத் திறந்தது.

"மாமா, ஒரு வாரம் வாய மூடிக்கிட்டு இருந்தேன்ல? அறுபது பென்சில் எங்க?"

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு இந்தக் கதை அதுவரை தெரியாது.

நான் அசையவில்லை.