நொரீனின் ஆணிச் சுவர்

மரக் கடைசல் சங்கத்துக்கு வருகிற ஆண்களில் பாதிப் பேருக்கு மரமே தேவையில்லை என்பது செல்வினின் தீர்மானமான அபிப்பிராயம். லேத் வேண்டும், லேத்தில் கட்டையைப் பிடித்துக்கொள்ளச் சக் வேண்டும், சக்கில் மாட்டத் தாடைகள் பெட்டி பெட்டியாக வேண்டும், அவற்றை அடுக்க அலமாரி வேண்டும். கடைந்த கிண்ணம் ஒன்றைக் காட்டுங்களேன் என்று கேட்டால் மட்டும், "மரம் இன்னும் காயலப்பா" என்று சொல்லி மோட்டுவளையைப் பார்ப்பார்கள். வருஷக்கணக்காகக் காயாத மரம் அப்படி எந்தக் காட்டில் முளைக்கிறதோ!

செல்வின் கடைசல்காரன் இல்லை. தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். சங்கத்தில் அவன் வேலை தேநீர் போடுவதும், சீஸ் ரோலைச் சுட்டு வெண்ணெய் தடவித் தட்டில் அடுக்குவதும்தான். கூட்டம் நடக்கிற இடம் ஊரின் பழைய சீஸ் ஆலை. உலகின் தென்கோடியில் இருக்கிற சவுத்லாந்தின் குளிர் அந்தத் தகரக் கூரை வழியாக இறங்கி எலும்பில் உட்கார்ந்துகொள்ளும். ஆனாலும் ஒரு மாதம்கூட அவன் வராமல் இருந்ததில்லை, ஏனென்றால் கடைசல்காரியான அவன் மனைவி நொரீன் ஒரு மாதம்கூட வராமல் இருந்ததில்லை.

நொரீன் என்றால் அந்தச் சங்கமே நடுங்கும். தேநீர்க் கொப்பரைக்குப் பின்னால் இருக்கிற சுவர் முழுக்க ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் ஏதாவது ஒரு சக் சாமான் தொங்கும். இளித்துப்போன தாடைகள், மரை தேய்ந்த திருகுகள், வளைந்த சாவிகள். எல்லாம் அவள் தீர்ப்புச் சொல்லித் தூக்கில் போட்டவை. யார் என்ன வாங்கினாலும் பேர் சொல்லாமல் நடு மேசையில் வைத்துவிட வேண்டும், நொரீன் பார்ப்பாள், தேறினால் மேசையிலேயே இருக்கும், தேறாவிட்டால் சுவரில் ஏறும். இதுதான் அங்கே வழக்கம். ஏறியதைத் திருப்பிக் கேட்க எவனுக்கும் முகம் இருந்ததில்லை.

அதில் நியாயமும் இருந்தது. சக்கின் தாடைகள் நான்கும் சேர்ந்துதான் மரத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டும். பிடி சரியில்லாவிட்டால் சுழல்கிற கட்டை கழன்று நேரே முகத்துக்கு வரும். மூக்கு கோணிய இரண்டு பேர் அந்தச் சங்கத்தில் உண்டு. அவர்கள் மட்டும் நொரீனை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

வேலை பார்த்த காலத்தில் நொரீன் ஆட்டுக் கம்பளி தரம் பிரிக்கிறவள். ஒரு கொத்தை உருவி, காதருகே வைத்துச் சுண்டுவாள். சத்தத்தை வைத்தே, "இது உதவாது, அந்தப் பக்கம் போடு" என்பாள். எதிரே ஆட்டுக்காரன் முகம் செத்து நிற்பான். அந்தக் கண்ணையும் அந்தக் காதையும் அவள் வேலையோடு விட்டுவிட்டு வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அங்கேதான் செல்வினுக்குச் சனி பிடித்தது.

நிச்சயதார்த்த மோதிரத்தை விரலில் போடுவதற்கு முன்னால் சன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கல்லு கொஞ்சம் சாஞ்சிருக்கே" என்றவள் அவள். அவன் வாங்கிக் கொடுத்த மழைக்கோட்டு நாய்க்குப் படுக்கையானது. தோட்டக் கத்தரி ஒரே வாரத்தில் கோழிக் கொட்டகைக் கதவுக்குத் தாழ்ப்பாளானது. ஒரு தடவை, புத்தி கெட்டுப்போய், கம்பளிச் சட்டை வாங்கினான். கம்பளிச் சட்டை! அவளுக்கு! அதைப் பற்றி இன்றைக்கும் அவன் யாரிடமும் பேசுவதில்லை. தான் கொடுத்த ஒரு பொருள், ஒரே ஒரு பொருள், அவள் கையில் தேறிவிட வேண்டும். கிழவனுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலத்தில் நொரீனுக்குப் பிறந்தநாள் வந்தது. அவளுடைய பழைய தாடை செட் தேய்ந்து வருகிறது என்று அவளே முணுமுணுத்ததை அவன் கேட்டிருந்தான். உடனே ஹாகார்ட்டிடம் போனான். ஹாகார்ட் சங்க உறுப்பினன்தான், எங்கிருந்தோ சாமான்களை மொத்தமாக இறக்கி உறுப்பினர்களிடமே விற்பவன். கடைவது? அவன் லேத்தின் மேல் அவன் பூனை தூங்கும்.

"அச்சு அசலா உன் பொண்டாட்டியோடது மாதிரியே இருக்கும் செல்வின்" என்றான் ஹாகார்ட். "அளவு, வடிவம், எல்லாம். அவளாலயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது."

"அவளால முடியும்" என்றான் செல்வின்.

"அட, வாங்கிட்டுப் போப்பா!"

வாங்கிக்கொண்டு போனான். நேரே கையில் கொடுத்தால், யார் கொடுத்தது என்று பார்த்தவுடனே அவள் மூக்கைச் சுளிப்பாள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் பேர் சொல்லாமல் சங்க மேசையில் வைப்பது, அவள் வாயாலேயே நல்லது என்று வந்த பிறகு, "உனக்குத்தான்" என்று சொல்வது. இதைவிடச் சாமர்த்தியமான திட்டம் அவன் வாழ்நாளில் போட்டதில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் அவள் கோழித் தீவனம் வாங்கப் போயிருந்தபோது அவன் அவளுடைய லேத் இருக்கிற கொட்டகைக்குள் நுழைந்தான். புதுத் தாடைகளில் பிசுபிசுவென்று கிரீஸ். இழுப்பறையில் இருந்த அவளுடைய பழைய தாடைகளிலோ இருபது வருஷத்துப் பிசினும் தூசியும். பாவம், அதையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிட்டால் சந்தோஷப்படுவாளே என்று நினைத்தான். காலி ஐஸ்கிரீம் டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றினான். எட்டையும் அதற்குள் போட்டான். கம்பிச் சுருள் வைத்துத் தேய்த்தான், தேய்த்தான், எட்டும் வெள்ளிபோல் பளபளக்கும்வரை தேய்த்தான்.

ஒரே இரும்பு வளையத்தைக் கடைந்து, அதை நான்காக வெட்டுவதுதான் தாடை செய்கிற முறை. ஒரு செட்டின் நான்கும் உடன்பிறந்தவை, வேற்று வீட்டுப் பிள்ளையோடு ஒட்டாது. மாற்றி மாட்டிவிடக் கூடாதென்று ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் அடித்திருப்பார்கள். டப்பாவிலிருந்து எடுத்தபோது ஒன்றாம் எண் இரண்டு இருந்தது, இரண்டாம் எண்ணும் இரண்டு இருந்தது. ஒன்று என்றால் ஒன்றுதானே என்று அவன் இந்தக் கையில் ஒன்றும் அந்தக் கையில் ஒன்றுமாகப் பிரித்து, ஒரு நான்கை அவள் இழுப்பறையில் போட்டான், மற்ற நான்கைச் சங்கத்துக்கு எடுத்து வைத்தான். மனுஷன் அங்கேதான் கோட்டை விட்டான்.

மறுநாள் சனிக்கிழமை மதியம் கூட்டம். மேசையில் பளபளவென்று கிடந்த தாடைகளை நொரீன் பார்த்தாள். செல்வின் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஏற்கெனவே வெண்ணெய் தடவிய சீஸ் ரோலுக்கு மறுபடியும் வெண்ணெய் தடவினான்.

"இவ்ளோ மினுக்கா இருக்கும்போதே சந்தேகமா இருக்கு" என்றாள் நொரீன். "நல்ல சாமான் எதுக்குய்யா இப்படிப் பல்லக் காட்டுது?"

கூட்டம் சிரித்தது. அவள் தாடைகளைச் சங்கத்துச் சக்கில் திருகி மாட்டினாள். முழுக்க மூடி, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். நான்கு இடைவெளியும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஓர் இடத்தில் வெளிச்சமே வரவில்லை, இன்னோர் இடத்தில் தீக்குச்சி போகும் போலிருந்தது.

"அய்ய, இதென்ன பொக்க வாயா?" என்றாள்.

உள்விளிம்பில் நகத்தை ஓட்டினாள். ஒவ்வொரு சந்திலும் நகம் தட்டியது. லேத்தில் ஏற்றி, அளவுமானியின் முனையைத் தொட வைத்துக் கையாலேயே மெதுவாகச் சுற்றினாள். தாடைகள் சரியான வட்டமாக இருந்தால் அதன் முள் அசையாமல் நிற்க வேண்டும். அது குதித்தது.

"பாத்துக்குங்க, டான்ஸ் ஆடுது! எவன் செஞ்சான் இத? கண்ண மூடிக்கிட்டு செஞ்சானா, குடிச்சிட்டு செஞ்சானா? இரும்பப் பாரு, தகர டப்பாவ உருக்கி ஊத்தின மாதிரி! இந்த நாலுக்கும் கூடப் பொறந்த ஒத்துமையே இல்லையே! இதுல கட்டைய மாட்டினா, நேரா பல் டாக்டர் வீட்டுக்குத்தான் போகணும். இத வாங்கினவனுக்கு மூளைன்னு ஒன்னு இருந்தா, அத எங்கயோ அடகு வச்சிட்டுத்தான் கடைக்குப் போயிருக்கான்."

சுத்தியல் வந்தது. ஆணி அடித்தாள். நான்கையும் கம்பியில் கோத்துச் சுவரில் தொங்கவிட்டாள், சரியாகச் செல்வினின் தலைக்கு மேலே. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. தேநீர்க் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினான். அவை முன்பே துடைத்தவை.

அத்தோடு போயிருக்கும். ஆனால் தன் சரக்கை நாலு பேர் முன்னால் இப்படிக் கிழித்ததை ஹாகார்ட்டால் தாங்க முடியவில்லை.

"மூள இல்லாதவன் யாருன்னு கேளும்மா" என்றான் சத்தமாக. "உன் புருஷன்தான்! உனக்குப் பொறந்தநாளுக்குன்னு என்கிட்ட வந்து வாங்கினான்."

ஆலை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. ஒருவன் மேசையைத் தட்டினான். மரம் காயாதவர்கள் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் தீபாவளி. நொரீன் சிரிக்கவில்லை.

"நீயா?" என்றாள்.

செல்வின் கோப்பையைப் பார்த்தபடியே, "பழசு தேஞ்சுபோச்சுன்னு சொன்னியே" என்றான். "உன்னோடதையும் சேத்துக் கழுவி வச்சேன். அதுவும் பளிச்சுன்னுதான் இருக்கு."

"என்னோடதையா? எதுல கழுவின?"

"ஐஸ்கிரீம் டப்பால."

"எட்டையும் ஒரே டப்பாலயா?"

அவன் தலையாட்டினான். நொரீன் எட்டி அந்தக் கம்பியை ஆணியோடு பிடுங்கினாள். மூக்குக் கண்ணாடியை இறக்கி, ஒவ்வொரு தாடையின் முதுகையும் பார்த்தாள். இரண்டாம் எண்ணின் மூலையில் சின்னதாக ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. என்றைக்கோ அவளே சிமெண்டுத் தரையில் தவறவிட்டது அது. நான்காம் எண்ணும் அவளுடையதுதான். அவ்வளவு சுத்தமாக அவற்றை அவள் பார்த்ததே இல்லை. அதனால்தான் அடையாளம் தெரியவில்லை.

"தகர டப்பாவ உருக்கி ஊத்தினதுன்னு சொன்னேனே, அதுல பாதி என்னோடது" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "சிரிக்கிறவன் இப்பவே சிரிச்சுக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. ஹாகார்ட் மட்டும் துள்ளினான்.

"பாத்தியா! அப்ப என் சரக்கு மேல தப்பே இல்ல!"

"பொறுய்யா. செல்வின், போய் மத்த நாலையும் எடுத்துட்டு வா."

வீடு அடுத்த தெருதான். ஆலங்கட்டி கலந்த மழையில் போய், நனைந்த கோழிபோல் திரும்பி வந்தான். நொரீன் எட்டையும் பரப்பி, குடும்பம் குடும்பமாகப் பிரித்தாள். முதலில் தன்னுடைய பழைய நான்கை மாட்டிச் சுற்றினாள். முள் அசையவே இல்லை. பிறகு ஹாகார்ட்டின் நான்கை மாட்டினாள். செல்வின் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முள்ளையே பார்த்தான். தன் வாழ்நாளில் அவன் எந்தச் சாமியையும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

முள் குதித்தது. முன்னைக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் குதித்தது.

"குப்பைதான்" என்றாள் நொரீன்.

பொய் சொல்ல அவளுக்கு வராது. புருஷனுக்காகக்கூட வராது. செல்வின் தலையை ஆட்டிவிட்டுக் கொப்பரைப் பக்கம் திரும்பினான். ஹாகார்ட் கடுப்போடு சுத்தியலை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"சரி, குப்பைன்னா குப்ப. அடி ஆணிய. சட்டம் எல்லாருக்கும் ஒன்னுதானே?"

நொரீன் சுத்தியலை வாங்கவில்லை. நான்கு தாடைகளையும் கழற்றினாள். தோளில் கிடந்த துண்டை உருவி, அவற்றை ஒவ்வொன்றாகச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"உன் குப்பைய நீ மேசைல வச்சா சுவத்துல ஏறும். இது மேசைக்குன்னு வந்தது இல்ல. எனக்குன்னு வந்தது" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "நீ என்னய்யா மரம் மாதிரி நிக்கிற? ஈரச் சட்டையக் கழட்டு, சளி பிடிச்சா யாரு பாக்கிறது? எனக்கு ஒரு டீ ஊத்து" என்றாள்.

அவன் ஊற்றினான். பாதி சாசரில் சிந்தியது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வாயில் வைத்துப் பார்த்து, சர்க்கரை கம்மி என்று மட்டும் சொன்னாள்.

இன்றைக்கும் அவளுடைய கொட்டகைக்குப் போனால் பார்க்கலாம். லேத்துக்கு நேர் மேலே, வேறு எதுவும் மாட்டாத சுவரில், ஒரே ஓர் ஆணி. அதில் நான்கு தாடைகள், வரிசை மாறாமல், எண்ணெய் பூசி. எதிலும் அவற்றை அவள் மாட்டுவதில்லை. புதிதாக வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள்.

"குப்ப" என்பாள் நொரீன். "தொட்ட, கைய ஒடச்சிருவேன்."