முசூரியில் வானை விட்டு இறங்காத சுதன்

போன கிழமை என் தங்கையின் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். முசூரி மலையில் நிற்கிறாள். அந்த மலைப் பெண்களின் உடுப்பை வாடகைக்கு வாங்கிப் போட்டு, இடுப்பில் ஒரு பூக்கூடை, கையில் சுட்ட சோளப்பொத்தி. ‘மாமா, நீங்கள் முந்தி ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்த இடம்தானே? சூப்பர்!’ என்று கீழே எழுதியிருந்தாள். நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியில் பாணும் சம்பலுமாக இருந்தேன். தேசிக்காய்ப் பாதியை மிளகாய் உப்பில் தொட்டு, தணலில் இருந்து எடுத்த சோளத்தில் தேய்க்கும்போது ஒரு மணம் எழும் பாருங்கள், அது அப்படியே வந்து மூக்கில் ஏறிவிட்டது. பாணை மூடி வைத்துவிட்டேன்.

நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன். தேவாலய மணிச் சத்தத்தில் எழும்பிய ஆள். அப்படிப்பட்டவன் இருபத்தாறு வயதில் சைவச் சனத்தைக் காசிக்கும் ஹரித்துவாருக்கும் கூட்டிப்போகும் வேலைக்கு எப்படி வந்தேன் என்று கேட்டால், காலி வீதியில் மேல்மாடியில் ஒரு பயண முகவர் கந்தோர் வைத்திருந்த முதலாளிக்கு ஹிந்தி தெரிந்த ஆள் தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்தது படம் பார்த்துப் பொறுக்கிய ஹிந்தி. அதை வைத்துக் காதலிக்கலாம், கொலைமிரட்டல் விடலாம், தேத்தண்ணி கேட்க முடியாது. ஒருமுறை ஹரித்துவாரில் கங்கையைப் பார்த்தவுடன் பழக்கதோஷத்தில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டேன். “பரவாயில்லைத் தம்பி, எல்லாம் ஒரே சாமிதான்” என்று ஒரு அம்மா என்னைத் தேற்றினார்.

யாத்திரை முடிய, முசூரியில் இரண்டு நாள் உல்லாசம். அதுதான் எங்கள் கந்தோரின் விசேஷம். போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. சனம் புண்ணியம் தேடித்தான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். பத்து நாளைக்குச் செக்பொயின்ற் இல்லாமல் மூச்சுவிட வந்தது. முதலாளி தன் பொறுப்பில் எல்லாருக்கும் விசா எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டுச் செபம் மாதிரி ஒன்றையே சொல்லுவார்.

“பதினாலு பேர் போனா பதினாலு பேர் திரும்பி வரோணும். ஒண்டு குறைஞ்சுதோ, பிறகு எனக்கு விசாவும் இல்லை, உனக்கு வேலையும் இல்லை.”

அதனால் எல்லாருடைய பாஸ்போட்டும் என் தோள்பையில்தான் கிடக்கும். வான் வண்டியில் ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம் தலை எண்ணுவேன். பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பன்னிரண்டு வாங்கிய ஆள் நான். ஆனால் இந்த ஒரு கணக்கில் பிழை விட்டதே இல்லை. அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது, கோதாரி பிடித்த பெருமை.

அந்தப் பயணத்தில் வெள்ளவத்தைக் குடும்பம் ஒன்று வந்தது. நடராசா அங்கிள், பென்சன் எடுத்த வங்கிக்காரர். ஈஸ்வரி அன்ரி, வாய் திறந்தால் மகனைப் பற்றி மட்டும் கதைப்பவர். மகன் சுதன், இருபத்தொரு வயது. மூத்த மகள் கனடாவில். சுதனை இராணுவச் சுற்றிவளைப்பில் இரண்டு முறை பிடித்துக்கொண்டு போய், இரண்டு முறையும் நாலைந்து நாள் வைத்திருந்து விட்டிருந்தார்கள். பெடியன் பிறகு கதைப்பதைக் குறைத்துவிட்டான் என்று அன்ரி சொன்னார். காசி முழுக்க அவன் வாய் திறந்து நான் காணவில்லை.

கெம்ப்டி அருவியில்தான் திறந்தான். அங்கே குளிக்கிற உடுப்பும் வாடகைக்குக் கிடைக்கும். நடராசா அங்கிள் பெரிய பெரிய பூப்போட்ட காற்சட்டையில் வெளிக்கிட்டு வந்ததைப் பார்த்து அன்ரி “ஐயோ, சனம் பார்க்குது!” என்று முகத்தை மூடினார். சுதன் அருவிக்குக் கீழே நின்று அரைமணித்தியாலம் கத்தினான். சும்மா கத்தல்தான், சொல் ஒன்றும் இல்லை. அந்தக் குளிரில் எனக்குப் பல் கிட்டிவிட்டது. அவன் வெளியே வர மனமில்லாமல் நின்றான்.

மறுநாள் காலை லால் திப்பாவுக்குப் போனோம். அங்கே ஒரு தூரக்கண்ணாடி இருக்கிறது. அதற்குள்ளால் பார்த்தால் பத்ரிநாத் பக்கத்துப் பனிமலைகள் தெரியும் என்பார்கள். சனம் பார்த்துப் பார்த்துக் கன்னத்தில் போட்டது. நான் பார்த்தபோது என் கண்மடல் மயிர்தான் தெரிந்தது. சுதன் நெடுநேரம் பார்த்தான்.

“அதுக்கு அங்கால என்ன அண்ணை?”

“திபெத்து. சீனாக்காரன்ர இடம்.”

“நடந்து போகேலுமே?”

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அங்கிருந்து தனோல்டிப் பக்கம் வெளிக்கிட்டோம். மலைப்பாதை ஒடுக்கம். ஒரு வளைவில் இராணுவச் சிப்பாய் ஒருவன் கையை உயர்த்தி வானை மறித்தான். மேலே இருந்து பார லொறிகள் வருகிறதாம், அவை இறங்கும்வரை நிற்கச் சொல்கிறான். சாரதி ரமேஷ் எஞ்சினை நிறுத்திவிட்டு பீடியைப் பற்றவைத்தான். பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கிறேன், எங்கள் சனம் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒருவரும் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வரிசை. பெண்கள் கைப்பைகளின் சிப்பைத் திறந்து முன்னால் நீட்டிப் பிடித்திருக்கிறார்கள். எல்லார் கையிலும் அடையாள அட்டை! நடராசா அங்கிள் ஒருபடி மேலே போய், கொழும்பில் வீட்டாரைப் பதிந்த பொலிஸ் துண்டையும் பிளாஸ்ரிக் உறையில் போட்டு இமயமலைக்குக் கொண்டு வந்திருந்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பட்டப்பகலில், பனிமலைக்கு முன்னால்.

சிப்பாய் பயந்துவிட்டான். என்ன, என்ன என்று என்னிடம் ஹிந்தியில் கேட்கிறான். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. “போட்டோ, போட்டோ” என்றேன். அவன் நல்ல மனிசன். துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு என் கமெராவை வாங்கி, மலையும் விழும்படி வரிசையை ஒரு படம் எடுத்துத் தந்தான். எண்ணிப் பார்த்தேன், ஒரு தலை குறைந்தது.

சுதன் வானுக்குள்ளே இருந்து சோளம் தின்றுகொண்டிருந்தான்.

“இறங்கடா, ஆமி!” என்று தகப்பன் பல்லைக் கடித்தார்.

“அப்பா, இது எங்கட ஊர் ஆமி இல்லை. நான் ஏன் இறங்கோணும்?”

சொல்லிவிட்டுச் சிரித்தான். தேசிப்புளி உதட்டில் வழிய வழியச் சிரித்தான். வரிசையில் நின்ற ஈஸ்வரி அன்ரி திறந்த கைப்பையோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று பின்னேரம் மோல் வீதியில் தேத்தண்ணிக்கடை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அங்கிளும் அன்ரியும் வந்து இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

“தம்பி, டெல்லியில இவவின்ர தமையன்ர பெடியன் நிக்கிறான். சுதனை அவனோட விட்டிட்டுப் போறம். மகள் பிறகு எப்பிடியும் கனடாவுக்கு எடுத்திடுவாள். நீங்கள் பாஸ்போட்டைத் தந்திட்டு, காணாத மாதிரி இருந்தாப் போதும்.”

“ஏலாது அங்கிள். முதலாளிட விசா, என்ர வேலை.”

“நீங்கள் அவன் சிரிச்சதைக் கண்டனீங்கள்தானே தம்பி?” என்றார் அன்ரி.

கண்டேன். கண்டுவிட்டுத்தான் சொன்னேன். இதை இத்தனை வருடமாக என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். “அவன் ஓடினா நான் எயார்போட்டில பொலிசுக்குச் சொல்லுவன்” என்றேன். சொல்லியிருப்பேனா? தெரியாது. அங்கிள் என் கையைப் பிடித்திருந்தவர், விட்டுவிட்டார். அன்ரி எழும்பிப் போய், எதிர்க்கடையில் சுதனுக்குக் கம்பளித் தொப்பி பார்க்கத் தொடங்கினார். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பதினாலு தலையும் எண்ணி இறக்கினேன். முதலாளி என் முதுகில் தட்டினார்.

மூன்று மாதம் போகவில்லை. ஒரு காலை, சுதன் வகுப்புக்குப் போன பஸ்ஸைக் காலி வீதியில் மறித்தார்கள். “ஐ.சி. பென்னன்ன”, அடையாள அட்டையைக் காட்டு என்று சிங்களத்தில் சத்தம் கேட்டதும் எல்லாரோடும் அவனும் இறங்கி வரிசையில் நின்றானாம். பார்த்தவர்கள் சொன்னார்கள். மற்றவர்கள் திரும்ப ஏறினார்கள். அவன் ஏறவில்லை. எந்த முகாமிலும் அப்படி ஒருவன் இல்லை என்றுதான் பதில். அங்கிள் ஐந்து வருடம் கடிதம் எழுதி எழுதியே செத்துப்போனார். நான் மரணவீட்டுக்குப் போய் வெளியே சனம் இருக்கக் கதிரை அடுக்கிவிட்டு வந்தேன். உள்ளே போகவில்லை.

இப்போது செக்பொயின்ற் இல்லை. மண்மூடை இருந்த இடத்தில் பழச்சாறு விற்கிறார்கள். முதலாளி லண்டனில். கந்தோர் இருந்த மேல்மாடியில் கலியாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறார்கள். அந்தப் பதினாலு பேரில் இன்று கொழும்பில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் ஒருவரைக்கூட எனக்குச் சொல்லத் தெரியாது.

ஈஸ்வரி அன்ரி மட்டும் போன வருடம்வரை அதே ஒழுங்கையில் அதே வீட்டில் இருந்தார். இருபக்கமும் ஒன்பது மாடி எழும்பியும் அசையவில்லை. சந்தையில் என்னைக் கண்டால் தலையை ஆட்டுவார், ஒரு சொல் ஏசியதில்லை. ஏசியிருந்தால் என்ன என்று நான் கிடந்து தவித்த நாட்கள் உண்டு. ஒருநாள் மீன்கடை வாசலில் என்னை மறித்தார்.

“தம்பி, எனக்கு ஏலாமப் போச்சு. மகள் கூப்பிடுறாள். வீட்டை வித்தாச்சு.”

“நல்லது அன்ரி, போங்கோ.”

“அவன் வந்தா ஆரிட்டக் கேக்கிறது? இந்த ஊரில அவனைத் தெரிஞ்ச ஆள் இப்ப நீங்கள் ஒருத்தர்தான். வீடு வாங்கின ஆக்களிட்ட உங்கட போன் நம்பரைக் குடுத்து வைக்கட்டே?”

“ஓம் அன்ரி” என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் போன பிறகு வீட்டை இடித்தார்கள். தகரம் அடித்து, கட்டப்போகும் மாடியின் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நேற்று அங்கே போய்க் காவற்காரனிடம் என் பெயரையும் நம்பரையும் துண்டில் எழுதிக் கொடுத்தேன். இந்த வீட்டைக் கேட்டு யாராவது வந்தால் எனக்குப் போன் அடிக்கச் சொல்லு தம்பி என்று சிங்களத்தில் சொன்னேன். வருகிறவர் எப்படி இருப்பார் என்று கேட்டான்.

“ஒரு பெடியன்” என்றேன்.

அவன் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். ஒழுங்கையால் காலி வீதிக்கு ஏறி வந்த பிறகுதான் உறைத்தது, சுதனுக்கு இப்போது ஐம்பது வயது கிட்டியிருக்கும். திரும்பிப் போய்த் திருத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.