ஒரு தறி, இரண்டு அடுப்பு

“இந்த வீட்ல எத்தனை குடும்பம்மா?” என்று மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சர் வாசலில் நின்று கேட்டபோது, நான் பின்கட்டில் டிபன் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு வார விடுமுறை. “ரெண்டு” என்று குரல் கொடுத்தேன். அதே நேரம், தண்ணீர்த் தொட்டியின் மறுபக்கம் அரிசி களைந்துகொண்டிருந்த என் ஓரகத்தி “ஒண்ணு” என்றாள். அவள் என்னோடு பேச்சை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. நான் சொன்னதை மறுப்பதற்காகவாவது வாயைத் திறந்தாளே என்று இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர் வீடுகள் எல்லாமே ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம் வரும் முன்னறை தறிக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த இடத்தில்தான் நாங்கள் எல்லோரும். கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் ஒரே நேரத்தில் தனித்தனி இழையால் நெய்து இணைக்க வேண்டும், அதற்கு ஒரு தறியில் இரண்டு ஆள் தேவை. என் கணவரும் அவருடைய அண்ணனும் காலையில் தறியில் அமர்ந்தால் பொழுது சாயும்வரை தோளோடு தோள் உரச வேலை செய்வார்கள். ஒருவர் இருமினால் மற்றவர் தண்ணீர்ச் செம்பை நகர்த்துவார். ஆனால் நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. அதுவரை மளிகைக் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போக வேண்டும். அதனால்தான் நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். மாதம் தவறாமல் சம்பளம் வந்தது. கூடவே சண்டையும் வந்தது.

கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது எனக்குக் கை கால் ஓய்ந்திருக்கும். அதற்குள் அக்கா, என் ஓரகத்தியை அப்படித்தான் கூப்பிடுவேன், ஒற்றை ஆளாகச் சமைத்து, பரிமாறி, பாத்திரத்தையும் கழுவி முடித்திருப்பாள். ஒருநாள் குழம்புச் சட்டி காலியாக இருந்தது. “எனக்கு எடுத்து வைக்கலியாக்கா?” என்றேன். “பொங்கறப்ப இல்லாதவ, துன்றப்ப மட்டும் எப்படி வருவா?” என்றாள். “கேஸு என் சம்பளத்துல வருதுக்கா” என்றேன் நான். அந்த வாரமே அடுப்பு இரண்டானது. அதே மேடை, அதே சன்னல். நடுவில் ஊறுகாய் ஜாடிகள் எல்லைக்கல் மாதிரி வரிசையாக நின்றன.

டீச்சர் பொறுமைசாலி. “ஒரே சமையல்னா ஒரு குடும்பம், தனித்தனியா சமைச்சா ரெண்டு. அவ்ளோதாம்மா” என்று விளக்கிவிட்டு உள்ளே வந்து அடுக்களையை எட்டிப் பார்த்தார். “அடுப்பு ரெண்டு இருக்குதே?”

“அது ரிப்பேரு” என்றாள் அக்கா, என் அடுப்பைக் காட்டி. அதில் பால் காய்ந்துகொண்டிருந்தது.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்த என் மாமியாரிடம் திரும்பினார். “நீங்க யார் சமையல்லம்மா?”

“காலைல பெரியவகிட்ட, ராத்திரிக்கு சின்னவகிட்ட. நான் யாரையும் உட்டுக் குடுக்க மாட்டேன். ரெண்டுலயும் எழுதிக்கோ.”

“ஒரு ஆளை ரெண்டு தடவை எழுதக் கூடாதும்மா.”

“அப்ப இன்னா, ஒரு வேளை சாப்பாட்டை உட்டுடச் சொல்றியா?”

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு நடுவேதான் தறியிலிருந்து என் கணவரின் குரல் வந்தது. “ரெண்டுன்னே எழுதிக்கோங்க டீச்சர். நாங்க தனியாப் போறோம்.”

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தோம். என் கம்பெனிக்குப் பக்கம். அவர் ஏதாவது கிடங்கில் வேலை தேடிக்கொள்வதாகத் திட்டம். வெள்ளிக்கிழமை சாவி வாங்க வேண்டும், வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருவரும் நாளைக் கடத்திக்கொண்டிருந்தோம். இப்படிப் போட்டு உடைப்பார் என்று நான் நினைக்கவில்லை. தறிச் சத்தம் நின்றுவிட்டது. “எப்போ?” என்று அண்ணன் கேட்டார். “வெள்ளிக்கிழம.” அண்ணன் பாதி நெய்த கரையை விரலால் நீவிக்கொண்டிருந்தார். ஒற்றை ஆளாக அந்தத் தறியில் அவர் என்ன செய்வார்? என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்கா அரிசிக் கையோடு என் முன்னால் வந்து நின்றாள். “கோச்சிக்கினவ நானு. நீ இன்னாத்துக்குப் போற?”

“நீ பேசவே இல்லியேக்கா.”

“பேசலன்னா? வந்து ஒரு வார்த்த திட்டக் கூடாதா? நீ திட்டுவ, திட்டுவன்னு நானும் பாத்துக்கினே இருந்தேன்!” என்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். டீச்சர் பேனாவை மூடுவதா திறப்பதா என்று தெரியாமல் நின்றார். அக்கா முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். என் அடுப்பை அணைத்தாள். பாலைத் தன் பாத்திரத்தில் ஊற்றித் தன் அடுப்பில் வைத்தாள். ஊறுகாய் ஜாடிகளை ஒரு மூலைக்குத் தள்ளினாள். டீச்சருக்கும் சேர்த்து எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்து, “இப்ப பாத்துக்கம்மா. ஒரு அடுப்பு. கவர்மெண்டுக்குப் பொய் சொல்லல. ஒண்ணுன்னு எழுதிக்கோ” என்றாள். டீச்சர் டீயைக் குடித்துவிட்டு ஒன்று என்றே எழுதினார்.

நாங்கள் சாவி வாங்கப் போகவில்லை. ஆனால் ஒரு டீயில் வீடு அகலமாகிவிடாது. இடம் போதாமல் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்ததுதான் பாதிச் சண்டைக்குக் காரணம் என்று அதன் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. மாடியில் ஓர் அறை எழுப்பலாம் என்று அண்ணனே சொன்னார். என் மாதச் சம்பளத்தை நம்பி வங்கியில் கடன் கொடுத்தார்கள். மணல் சலிப்பதிலிருந்து சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவது வரை அக்காதான் பார்த்துக்கொண்டாள். மேலே சமையலறை வேண்டுமா என்று மேஸ்திரி கேட்டபோது, நான் என்ன சொல்வதென்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

“போடுப்பா. சன்னல் பெருசா வையி, அவளுக்குப் புழுக்கம் ஆவாது” என்றாள்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “அப்ப ரெண்டு குடும்பம்னு எழுதிடுவாங்களேக்கா?”

“எழுதிக்கினு போகட்டும். கோவத்துல தனியாப் பொங்கினாதான் தப்பு.”

பல வருஷம் அந்த மாடியில் நிம்மதியாக இருந்தோம். சென்ற தை மாதம் அக்காவின் மகனுக்குக் கல்யாணம். மாகறலிலிருந்து வந்த மருமகளும் ஒரு கம்பெனியில்தான் வேலை செய்கிறாள். புதிதாகக் கட்டிக்கொண்டவர்களுக்குத் தனி இடம் வேண்டுமே என்று மாடியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் கீழே இறங்கி வந்தோம். முன்னறையில் இப்போதும் அண்ணன் தம்பி தறி ஓடுகிறது. அடுக்களையில் நானும் அக்காவும் முட்டி மோதிக்கொள்கிறோம், உப்பு கூடிவிட்டது என்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறோம். இப்போது திட்டாமல் இருப்பதில்லை.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அந்தப் பெண் பஸ் தாமதமாகி, விளக்கு வைத்த பிறகு வந்தாள். மாடிக்குப் போய்ச் சமைக்கத் தெம்பில்லை. கீழே வந்து கேட்கவும் தயக்கம். படியருகே பையை மாட்டியபடி நின்றாள். அக்கா அடுக்களையிலிருந்து தலையை நீட்டினாள்.

“கை கால் கழுவிக்கினு வாம்மா. உனக்குத் தனியா எடுத்து வச்சிருக்கேன்.”

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இன்னாடி பாக்கற? அன்னிக்கு காலிச் சட்டியப் பாத்துக்கினு நின்னியே, உன்கிட்ட கத்துக்கினதுதான்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியாமல், கை கால் கழுவிக்கொண்டு வந்த அந்தப் பெண் தட்டோடு நின்றாள். அக்கா அதில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.