நான்கு மாதம் ஸ்பிரிட்டில் கிடந்த மீனட்டை

1983 மார்ச் 14, திங்கட்கிழமை. குரும்பலூரிலிருந்து ஏழு மணி பஸ்ஸில் பெரம்பலூர், அங்கிருந்து அரியலூர். கல்லூரியில் காலை இரண்டு விலங்கியல் வகுப்புகள் எடுத்தேன், பன்னிரண்டரைக்கு எலுமிச்சை சாதம். டைரியில் உள்ளதையே எழுதுகிறேன். பேய் பிசாசை நான் நம்பியதில்லை, இன்றும் நம்பவில்லை. நீங்கள் சிரித்தாலும் இதில் ஒரு வரியை மாற்றமாட்டேன்.

முந்தைய நவம்பரில் நாகப்பட்டினத்தில் ஒரு திருக்கையின் செவுளில் கிடைத்த அட்டை அது. காயவைத்து விற்கிற கடலட்டை வேறு, இது மீனின் இரத்தம் குடிப்பது. புது இனம்தான். ஆனால் கிடைத்தது ஒன்றே ஒன்று, அதையும் நானே கெடுத்திருந்தேன். மயக்கி, நீட்டிவிட்ட பிறகுதான் ஸ்பிரிட்டில் போடவேண்டும். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் உயிரோடு போட்டேன், பதினோரு மில்லிமீட்டர் உருண்டையாகச் சுருங்கிவிட்டது. உடல் வளையங்களை எண்ண முடியவில்லை. எண்ணிக்கை இல்லாமல் புது இனமாக ஏற்க முடியாது, அதை அனுப்ப இம்மாதமே கடைசி என்று ஆய்விதழ் ஆசிரியர் எழுதிவிட்டார். மீனட்டைகளைத் தேடி அலைந்த என் ஆறு வருட வேலை அது.

அன்று மதியம் புட்டிக்குள் லேபிள் மிதந்து அட்டையை உரசிக்கொண்டிருந்தது. ஆய்வக உதவியாளர் கோவிந்தன், செந்துறைக்காரர், ஒரு கல்லை நீட்டினார்.

"இத வச்சு அமுக்குங்க சார். எங்க கெணத்துல வந்தது. மீன் பல்லுன்னு நீங்கதான சொன்னீங்க."

இந்தப் பக்கம் கடலாக இருந்த காலத்துச் சுறாவின் பல், கல்லாகிப் போனது. உள்ளே போட்டு, அலமாரியைப் பூட்டி, சாவியோடு வகுப்புக்குப் போனேன். மூன்று மணிக்குத் திறந்தபோது அட்டை முழுதாக நீண்டு கிடந்தது, முப்பத்திரண்டு மில்லிமீட்டர். வாய் அந்தப் பல்லைக் கவ்வியிருந்தது.

"நீங்க எதாவது தொட்டீங்களா?"

"நாலு மாசமா செத்துக் கெடக்குறத நீட்டிவிட நான் என்ன சித்தரா சார்? எண்ணிட்டுப் பேசாம இருங்க. மயக்கித்தான் போட்டேன்னு எழுதுங்க, யாரு வந்து பாக்கப் போறா?"

எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன். பிறகு நவம்பரில் நான் வரைந்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போது வெறுமையாக இருந்த இரைப்பை இப்போது நிறைந்திருந்தது. ஸ்பிரிட்டில் இரத்தம் பழுப்பாகிவிடும். இது சிவப்பாகவே இருந்தது, இன்றைக்கும் மங்கவில்லை.

மறுநாள் காலை, காபிகூடக் குடிக்காமல், ஆசிரியருக்கு எழுதினேன். வளைய எண்ணிக்கை இது, மயக்காமல் போட்டது, நான்கு மாதம் கழித்துத் தானாக நீண்டது, வயிற்றில் இருக்கும் இரத்தம் எதனுடையது என்று தெரியவில்லை. கடைசி வரியை நீக்குவதானால் கட்டுரையையே திருப்பி அனுப்பிவிடுங்கள்.